இரண்டு மாத்திரைக்கும் நடுவே எத்தனை மணி நேரம்?

கேள்வி:

டாக்டர், எனக்கு வயது 62. அரசுப் பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவன். ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். எட்டு வருடமாக பிரஷருக்கு டெல்மிசார்டன் 40, ஹைட்ரோகுளோரோதயசைடு 12.5 இரண்டும் சேர்ந்த மாத்திரையைக் காலை ஏழு மணிக்குப் போடுகிறேன். 130/80 அளவிலேயே இருந்தது. மூன்று மாதம் முன்பு வலது முழங்காலில் வலி வந்தது. எலும்பு டாக்டர் அசிக்ளோஃபெனாக் – பாராசிட்டமால் மாத்திரையைக் காலை, இரவு என்று ஐந்து நாளைக்கு எழுதினார். நன்றாகக் கேட்டது. அதன் பிறகு நானே பழைய ஸ்ட்ரிப்பைக் காட்டி மெடிக்கலில் வாங்கிப் போட்டு வருகிறேன். இப்போது பிரஷர் 150, 156 என்று காட்டுகிறது. கூட வேலை பார்த்த நண்பர், "ரெண்டையும் சேர்த்துப் போடாதே, நாலு மணி நேரம் இடைவெளி விடு. இல்லேன்னா வலி மாத்திரையை ராத்திரிக்கு மட்டும் மாத்திக்கோ, பிரஷர் ஏறாது" என்கிறார். இது சரியா? என் மனைவிக்கு இரண்டு வருடம் முன்பு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். தினமும் ஆஸ்பிரின் 75 சாப்பிடுகிறாள். தலைவலி வந்தால் ஐபுப்ரோஃபென் போட்டுக்கொள்கிறாள். அவளுக்கும் இந்த இடைவெளிக் கணக்கு பொருந்துமா?

பதில்:

ஐயா, நண்பர் சொன்ன கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. உங்கள் மனைவிக்குப் பாதி பொருந்தும். முதலில் உங்களைப் பார்த்துவிடுவோம்.

மாத்திரைகளுக்கு நடுவே இடைவெளி விடுவதற்கு நியாயமான இடங்கள் உண்டு. தைராய்டு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் ஒன்றாக விழுங்கினால், கால்சியம் தைராய்டு மருந்தைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும், ரத்தத்துக்குள் போகவிடாது. அங்கே நான்கு மணி நேரம் விடச் சொல்கிறோம். நண்பர் அந்த மாதிரி எதையோ கேட்டிருப்பார். ஆனால் உங்கள் மாத்திரைகள் இரண்டும் மோதிக்கொள்வது வயிற்றில் இல்லை, சிறுநீரகத்தில். டெல்மிசார்டனை எதற்காகத் தேர்ந்தெடுக்கிறோம் என்றால், ஒரு முறை போட்டால் 24 மணி நேரமும் உடம்பில் தங்கி வேலை செய்யும் என்பதற்காகத்தான். காலை ஏழுக்குப் போட்டது மறுநாள் காலை ஏழுக்கும் உள்ளே இருக்கிறது. பதினொரு மணிக்கு வலி மாத்திரை போட்டாலும் அது உள்ளேதான் இருக்கிறது, இரவு ஒன்பதுக்குப் போட்டாலும் உள்ளேதான் இருக்கிறது. இதில் இடைவெளியை எங்கே கொண்டுபோய் வைப்பீர்கள்?

வலி மாத்திரை எப்படி பிரஷரை ஏற்றுகிறது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். வலியையும் வீக்கத்தையும் உண்டாக்கும் பொருள்களில் முக்கியமானது புரோஸ்டாகிளாண்டின். ஆஸ்பிரின் வகை மருந்துகள் அது உற்பத்தியாவதைத் தடுத்துத்தான் வலியைக் குறைக்கின்றன என்று 1971-ல் ஜான் வேன் என்ற இங்கிலாந்து விஞ்ஞானி காட்டினார். 1982-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. சிக்கல் என்னவென்றால், அதே புரோஸ்டாகிளாண்டினுக்குச் சிறுநீரகத்தில் நல்ல வேலைகள் இருக்கின்றன. வடிகட்டிக்குள் ரத்தம் வரும் குழாயை அகலமாக வைத்திருப்பது ஒன்று. உப்பையும் நீரையும் வெளியே தள்ளுவது இன்னொன்று. முழங்காலுக்கு என்று நாம் போடும் மாத்திரைக்கு முழங்காலுக்கு மட்டும் போகத் தெரியாது. சிறுநீரகத்திலும் அந்த உற்பத்தியை நிறுத்துகிறது. உப்பு தங்குகிறது, உப்போடு நீர் தங்குகிறது, ரத்தக் குழாய்கள் இறுகுகின்றன. பிரஷர் ஏறுகிறது. உங்கள் மாத்திரையில் இருக்கும் ஹைட்ரோகுளோரோதயசைடு உப்பை வெளியேற்றத்தான் இருக்கிறது. அது இறைத்துக் கொட்டுவதை இது திரும்பவும் ஊற்றி நிரப்புகிறது.

இப்படித் தங்கிய உப்பு மாத்திரையின் வேகம் தணிந்ததும் மாயமாகிவிடுவதில்லை. அசிக்ளோஃபெனாக்கின் அளவு ரத்தத்தில் சுமார் நான்கு மணி நேரத்தில் பாதியாகிவிடும். ஆனால் காலை, இரவு என்று தினமும் போடும்போது, முதல் மாத்திரை பிடித்து வைத்த உப்பு போய்ச் சேருவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. இதை மூன்று மாதமாகச் செய்திருக்கிறீர்கள்.

இரவுக்கு மாற்றினால் என்ன என்பது நண்பரின் இரண்டாவது யோசனை. அதை முழுக்கத் தள்ளிவிட மாட்டேன், அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1985-ல் பிரான்சில் மூட்டுத் தேய்மான நோயாளிகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. இண்டோமெத்தசின் என்ற வலி மருந்தைக் காலையில் கொடுத்தபோது வந்த தொல்லைகள், மாலையில் கொடுத்தபோது நன்றாகக் குறைந்தன. ஆனால் அந்தத் தொல்லைகள் தலைச்சுற்றல், தலைவலி, வயிற்று உபாதை போன்றவை. பிரஷர் கணக்கு வேறு. வலி மாத்திரை போடுபவர்களுக்கு 24 மணி நேரமும் கையில் கருவி கட்டி, பகலும் தூக்கமும் சேர்த்து பிரஷர் அளந்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2017-ல் வெளியானது. 444 பேர். நான்கு மாத முடிவில் ஐபுப்ரோஃபென் போட்டவர்களுக்கு மேல் அளவின் 24 மணி நேரச் சராசரி 3.7 கூடியிருந்தது, நாப்ராக்சென் போட்டவர்களுக்கு 1.6. செலிகாக்சிப் போட்டவர்களுக்கு மட்டும் கூடவில்லை, 0.3 குறைந்திருந்தது. ஆரம்பத்தில் பிரஷர் இல்லாமல் இருந்தவர்களில், ஐபுப்ரோஃபென் பிரிவில் நூற்றுக்கு 23 பேருக்குப் புதிதாகவே பிரஷர் வந்துவிட்டது. செலிகாக்சிப் பிரிவில் பத்துப் பேருக்கு. மூன்று, நான்கு புள்ளி என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். அது சராசரி. சிலருக்கு ஒன்றுமே ஆகாது, சிலருக்கு இருபது ஏறும். நீங்கள் இரண்டாவது வகையில் இருக்கிறீர்கள் போலத் தெரிகிறது. ஆக, எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம், எத்தனை நாள் என்பவைதான் பிரஷரைத் தீர்மானிக்கின்றன. எத்தனை மணிக்கு என்பது இவற்றின் பக்கத்தில் மிகச் சின்ன விஷயம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்த முறை நண்பர் இதைச் சொல்வார்: "ஒரு நாளைக்கு ஒண்ணே ஒண்ணு போதும், வயித்தைப் புண்ணாக்காது" என்று எடோரிகாக்சிப் என்ற வலி மாத்திரையைச் சொல்வார்கள். வயிற்றுக்கு அது ஓரளவு இதம்தான். ஆனால் ரத்தத்தில் அதன் அளவு பாதியாகவே சுமார் 22 மணி நேரம் ஆகும். பிரஷர் 140/90-க்கு மேலேயே நிற்பவர்களுக்கு அதைக் கொடுக்கவே கூடாது என்று ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சொல்லியிருக்கிறது. உங்கள் 156-க்கு அது ஆகாது.

பிரஷர் மாத்திரையையே இரவுக்கு மாற்றட்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் இந்தப் பேச்சு வந்தால் அதுவும் கூடவே வரும். ஸ்பெயினிலிருந்து 2019-ல் வந்த ஒரு பெரிய ஆய்வு, படுக்கப் போகும்போது போட்டால் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பாதிப்புகள் மொத்தத்தில் கிட்டத்தட்ட பாதியாகக் குறைகின்றன என்று சொன்னது. அது நடத்தப்பட்ட விதத்தைப் பலர் சந்தேகித்தார்கள். பிரிட்டனில் 21,104 பேரை ஐந்து வருடத்துக்கும் மேல் பின்தொடர்ந்து 2022-ல் முடிவு சொன்னார்கள்: காலையில் போட்டாலும் மாலையில் போட்டாலும் வித்தியாசம் இல்லை. மறக்காமல் போடுகிற நேரமே நல்ல நேரம். உங்கள் மாத்திரையில் நீர் பிரிக்கும் மருந்து சேர்ந்திருப்பதால் காலை ஏழு மணியே இருக்கட்டும். இரவில் போட்டால் இரண்டு முறை எழுந்து கழிப்பறைக்கு நடக்க வேண்டியிருக்கும், அதுவும் இந்த முழங்காலை வைத்துக்கொண்டு.

உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது 156 கூட இல்லை. டெல்மிசார்டன், நீர் பிரிக்கும் மருந்து, வலி மாத்திரை என்ற மூன்றும் மூன்று மாதமாக ஒன்றாக உள்ளே போகின்றன என்பதுதான். நீங்கள் தாமிரபரணிக்காரர், வாய்க்கால் கணக்கு சொன்னால் புரியும். சிறுநீரக வடிகட்டியை ஒரு வயல் என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் நின்றால்தான் அங்கே வேலை நடக்கும். வலி மாத்திரை உள்ளே வரும் மடையைக் குறுக்குகிறது. டெல்மிசார்டன் வெளியே போகும் மடையைத் திறந்து வைக்கிறது. நீர் பிரிக்கும் மருந்து வாய்க்காலிலேயே தண்ணீரைக் குறைக்கிறது. தனித்தனியாக இருந்தால் வயல் தாங்கும். மூன்றும் சேர்ந்து, கூடவே பங்குனி வெயிலோ ஒரு நாள் வயிற்றுப்போக்கோ வந்தால் வயல் காய்ந்துவிடும். பிரிட்டனில் பிரஷர் மாத்திரை சாப்பிடும் ஐந்து லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவான பேரின் பதிவுகளை வைத்து 2013-ல் ஓர் ஆய்வு வந்தது. இந்த மூன்றையும் சேர்த்து எடுத்தவர்களுக்குத் திடீர் சிறுநீரகப் பாதிப்பு 31 சதவீதம் அதிகம். முதல் 30 நாளில்தான் ஆபத்து உச்சம், 82 சதவீதம் அதிகம். அந்த ஒரு மாதத்தை நீங்கள் தாண்டிவிட்டீர்கள். அதற்காகச் சோதித்துப் பார்க்காமல் இருக்க முடியாது. இந்த வாரமே ரத்தத்தில் கிரியாட்டினின், பொட்டாசியம் இரண்டையும் பாருங்கள், சிறுநீரில் புரதம் போகிறதா என்றும் பாருங்கள். அரசு மருத்துவமனையிலேயே பார்க்கலாம்.

சிறுநீரகம் என்றதும் ஒரு பழைய கதை நினைவுக்கு வருகிறது. நம் நாட்டில் பாறு கழுகுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தது மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் ஊசியால்தான். செத்த மாட்டைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகம் செயலிழந்து போனது. 2006-ல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். மாட்டின் உடம்புக்குள் போனால் டைக்ளோஃபெனாக்காகவே மாறிவிடுகிறது என்பதால், 2023-ல் அசிக்ளோஃபெனாக்கையும் தடை செய்தார்கள். மனிதன் கழுகு இல்லை, நமக்கு அந்த அளவு விஷம் இல்லை. பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. நீங்கள் ஸ்ட்ரிப்பைக் காட்டி வாங்கும் மாத்திரையும் அதே குடும்பம்தான் என்பதற்காகச் சொல்கிறேன்.

இப்போது என்ன செய்வது? பிரஷர் மாத்திரையை நிறுத்தக் கூடாது, 156 என்று பார்த்து நீங்களாக இரண்டாகப் போடவும் கூடாது. நிறுத்த வேண்டியது தினசரி வலி மாத்திரையை. நிறுத்திய பிறகு பெரும்பாலானவர்களுக்கு ஓரிரு வாரத்தில் பிரஷர் பழைய இடத்துக்கு வந்துவிடும். இது முக்கியம். ஏனென்றால் இந்த 156-ஐ மட்டும் பார்க்கும் டாக்டர், வலி மாத்திரை விஷயம் தெரியாமல், பிரஷருக்கு இன்னொரு மருந்தைச் சேர்த்துவிடுவார். ஒரு மாத்திரையின் பக்கவிளைவுக்கு இன்னொரு மாத்திரை, அதனால் கால் வீங்கினால் மூன்றாவது. இப்படி ஏழு மாத்திரைப் பையோடு வரும் பெரியவர்களை வாராவாரம் பார்க்கிறேன்.

நேரம் உண்மையிலேயே உங்களுக்கு உதவும் இடம் அளப்பதில் இருக்கிறது. 150, 156 என்று எப்போது பார்த்தீர்கள்? மெடிக்கல் வரை நடந்து போய், கால் கடுக்க நின்று, உட்கார்ந்த உடனே பார்த்த அளவு என்றால் அதில் ஒரு பங்கு வலியினுடையது. வலியே பிரஷரை ஏற்றும். வீட்டில் கையில் கட்டும் கருவி ஒன்று வாங்குங்கள், மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். காலையில் கழிப்பறை போய்வந்து, காபிக்கும் மாத்திரைக்கும் முன்னால், முதுகைச் சாய்த்து ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்துவிட்டு, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை. இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் அதே மாதிரி இரண்டு முறை. ஏழு நாள். முதல் நாள் கணக்கைத் தள்ளிவிட்டு மீதியின் சராசரியைப் பாருங்கள். வீட்டில் அளக்கும்போது எல்லை 140/90 இல்லை, 135/85. வலி மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் ஆன பிறகும் அதற்கு மேலேயே நின்றால், அப்போது மருந்தை மாற்றுவதைப் பற்றி உங்கள் டாக்டர் முடிவு செய்யட்டும். அம்லோடிபின் வகை பிரஷர் மருந்துகளின் வேலையை வலி மாத்திரைகள் அவ்வளவாகக் கெடுப்பதில்லை என்பது அவருக்குத் தெரிந்ததுதான். அடிக்கடி வலி மாத்திரை தேவைப்படும் ஆள் என்று நீங்கள் சொன்னால் அதையும் யோசிப்பார். நடுவில் எப்போதாவது 180/110-ஐத் தாண்டி, கூடவே நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், பேச்சுக் குழறல், கை கால் பலவீனம் என்று ஏதாவது இருந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள், அளந்துகொண்டே உட்கார்ந்திருக்காதீர்கள்.

முழங்கால் வலிக்கு என்ன வழி என்பீர்கள். டைக்ளோஃபெனாக் ஜெல் தடவிப் பாருங்கள். தடவுவதில் நூற்றுக்கு ஆறு பங்கு மாதிரிதான் ரத்தத்துக்குள் போகிறது. ஒரு நாள் தடவிவிட்டுக் கேட்கவில்லை என்று சொல்லக் கூடாது, இரண்டு வாரம் தினம் மூன்று, நான்கு முறை தடவ வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து வலது காலை நேராக நீட்டித் தூக்கி ஐந்து எண்ணும் வரை நிறுத்துங்கள். பத்து முறை, காலையும் மாலையும். முப்பது வருடம் கிளட்ச் மிதித்தவருக்கு இது சப்பென்று இருக்கும், ஆனால் தொடைத் தசை பலமானால் மூட்டின் பாரம் குறையும். கைத்தடி வைத்தால் இடது கையில் பிடியுங்கள், வலிக்கும் காலுக்கு எதிர்ப்புறம். கீழே குந்தி உட்காரும் கழிப்பறையானால் மேலே ஒரு நாற்காலி வகை போட்டுக்கொள்ளுங்கள்.

இதையும் மீறி வலிக்கும் நாளில் பாராசிட்டமால் 500 அல்லது 650 ஒன்று. அதுவும் முழுக்கச் சாது இல்லை. எடின்பரோவில் பிரஷர் உள்ள 110 பேருக்கு ஒரு நாளைக்கு 4 கிராம் வீதம் இரண்டு வாரம் கொடுத்துப் பார்த்தபோது மேல் அளவு சுமார் 5 ஏறியது, 2022-ல் வெளியானது. தேவைப்பட்ட நாளில் ஒன்று என்பது வேறு, தினமும் நான்கு கிராம் என்பது வேறு.

உங்கள் வலி எந்த நேரத்தில் வருகிறது என்று எழுதவில்லையே? நடந்து திரிந்து மாலையில் வலித்து, படுத்தால் குறைந்தால் அது தேய்மானம். அப்படியானால் காலையில் போடும் வலி மாத்திரை வலியே இல்லாத நேரத்துக்குச் செலவாகிறது. கல்யாண வீடு, கோயில் என்று நிறைய நிற்க வேண்டிய ஒரு நாளில், சிறுநீரகச் சோதனை சரியாக இருந்து உங்கள் டாக்டரும் சம்மதித்தால், கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் ஒன்று போட்டுக்கொள்ளலாம். அதற்கு மட்டும்தான் நேரம் பார்க்க வேண்டும். காலையில் எழுந்ததும் ஒரு மணி நேரத்துக்கு மேல் மூட்டு இறுகிக் கிடந்து, பிறகு இளகினால் அது வேறு நோய்; எலும்பு டாக்டரிடம் மறுபடியும் காட்டுங்கள்.

இனி உங்கள் மனைவி. இங்கே மணிக் கணக்கு உண்மை, ஆனால் பிரஷருக்காக இல்லை. ஆஸ்பிரின் ரத்தத் தட்டணுக்களில் ஓர் இடத்தில் போய் உட்கார்ந்து, அந்த அணு சாகும்வரை எழுந்திருக்காது. அதனால்தான் ஸ்டென்ட்டில் ரத்தம் உறையாமல் இருக்கிறது. ஐபுப்ரோஃபெனுக்கும் அதே இடம்தான் வேண்டும், ஆனால் அது தற்காலிகப் பயணி. ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடிப்பதை நீங்கள் பார்க்காததா? ஐபுப்ரோஃபென் முதலில் துண்டு போட்டுவிட்டால் ஆஸ்பிரினுக்கு இடம் இல்லை. ஆஸ்பிரின் ரத்தத்தில் அரை மணி, ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருக்காது, கரைந்துவிடும். சில மணி நேரத்தில் ஐபுப்ரோஃபெனும் இறங்கிப் போய்விடும். சீட் காலி. அன்றைக்கு அவர் ஆஸ்பிரின் போட்டும் போடாத மாதிரி.

இதற்காக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2006-ல் ஒரு கணக்கு சொன்னது: சாதாரண ஆஸ்பிரின் போட்டு அரை மணி நேரமாவது கழித்து ஐபுப்ரோஃபென் 400, அல்லது ஐபுப்ரோஃபென் போட்டு எட்டு மணி நேரத்துக்கு மேல் கழித்து ஆஸ்பிரின். ஆனால் நம் கடைகளில் கிடைக்கும் ஆஸ்பிரின் 75 பலவும் குடலில் போய்த்தான் கரையும்படி மேல்பூச்சுப் போட்டவை. அவற்றுக்கு இந்த அரை மணிக் கணக்கு செல்லாது. அதைவிட, ஸ்டென்ட் வைத்தவருக்கு ஐபுப்ரோஃபெனே வேண்டாம். ஆஸ்பிரினோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக் கசிவு, தனியாக இதயத்துக்கும் பாரம். இந்த வகை மருந்துகளில் ஒன்றான ரோஃபெகாக்சிப்பை மாரடைப்பு அதிகரித்ததால்தான் 2004 செப்டம்பரில் உலகம் முழுவதும் விற்பனையிலிருந்து எடுத்தார்கள். தலைவலிக்கு அவர் பாராசிட்டமால் போட்டுக்கொள்ளட்டும். வாரத்துக்கு எத்தனை முறை தலைவலி வருகிறது என்பதை மட்டும் இதய மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். தலைவலி வரும் நேரத்தில் உங்கள் கருவியிலேயே அவருக்கும் ஒரு முறை பிரஷர் பாருங்கள்.

கிரியாட்டினின் எவ்வளவு என்பதையும், வலி மாத்திரை நிறுத்திய தேதியையும், அதற்குப் பின் இரண்டாவது வாரத்தின் ஏழு நாள் அளவுகளையும் எழுதி அனுப்புங்கள். ஒவ்வொரு அளவுக்கும் பக்கத்தில் மணியையும் போடுங்கள்.